வீட்டில் ஒருவருக்குத் தற்காப்புக் கருவி வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் தங்கைக்கு இரவுப் பணி வந்தபோது நான் முதலில் செய்தது, ஒரு பெப்பர் ஸ்பிரே வாங்கி அவள் கைப்பையில் போட்டதுதான். ஏழு மாதம் கழித்து வேறு எதையோ தேடி அந்தப் பையைத் திறந்தபோது, அது அடியில் அப்படியே கிடந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. கேட்டேன். "அதைத் தொடவே பயமா இருக்குண்ணா, என் மேலேயே பட்டுடுமோன்னு" என்றாள்.

அதற்கப்புறம் அம்மாவுக்கு, சித்தி மகளுக்கு, கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் வீட்டாருக்கு என்று பலமுறை இதே வேலையைச் செய்திருக்கிறேன். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: கருவியை முதலில் வாங்கிவிட்டு, மற்றதை எல்லாம் பிறகு யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் கருவி ஐந்தாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஒவ்வொரு படியும் தேர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொடுக்கும். ஐந்தாம் படிக்கு வரும்போது உங்கள் முன்னால் இரண்டு மூன்று பொருள்தான் மிஞ்சியிருக்கும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அவருடன் உட்கார ஒரு மணி நேரம். அவர் தினமும் எடுத்துப்போகும் பை, அப்படியே, உள்ளே இருப்பதை ஒழுங்குபடுத்தாமல். அவருடைய சாவிக்கொத்து. ஒரு தாளும் பேனாவும். நேரம் பார்க்க போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கருவிகளை "உயிருக்கு ஆபத்தில்லாதவை" என்று விற்கிறார்கள். காவல்துறைப் பயிற்சிகளில் "ஆபத்து குறைந்தவை" என்றே சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. அதுதான் சரியான சொல். ஆஸ்துமா உள்ளவருக்கு ஸ்பிரேயும், இதயக் கோளாறு உள்ளவருக்கு மின்சாரக் கருவியும் பெரிய தீங்கு செய்யலாம். விளையாட்டுப் பொருள் வாங்குகிற மனநிலையில் கடைக்குப் போகாதீர்கள்.

1. முதலில் அவரிடம் பேசுங்கள்

பரிசாகக் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்ற ஆசை பலருக்கு வரும். வேண்டாம். தானே ஒப்புக்கொள்ளாத ஒரு பொருளை யாரும் தினமும் சுமக்க மாட்டார்கள். என் தங்கை பயந்தாள். வேறு சிலர், வீட்டில் தங்களை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். சிலருக்குப் பழைய கசப்பான அனுபவம் ஏதாவது கிளறிவிடப்படும்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. எந்த இடத்தில், எந்த நேரத்தில் உனக்கு மனசு திக்கென்று இருக்கிறது? அந்த நேரத்தில் இப்போது என்ன செய்கிறாய்? ஒருவரைக் காயப்படுத்தும் கருவியைப் பயன்படுத்த உன்னால் முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு "முடியாது" என்று பதில் வந்தால் வற்புறுத்தாதீர்கள். சத்தமாக அலறும் கையடக்க அலாரம், விசில், டார்ச் இவை யாரையும் காயப்படுத்தாமலே உதவும். தயங்குகிற கையில் உள்ள ஸ்பிரே, எதிரில் இருப்பவர் கைக்குப் போய்விடும் வாய்ப்பு அதிகம்.

2. அவருடைய ஒரு நாளைத் தாளில் எழுதுங்கள்

வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்பி வருவது வரை எழுதுங்கள். எங்கே நடக்கிறார், எங்கே காத்திருக்கிறார், எங்கே வெளிச்சம் இல்லை, எங்கே கூப்பிட்டால் ஆள் வரும், எங்கே வராது. ஒவ்வொரு இடத்திலும் அவருடைய இரண்டு கைகளும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதையும் எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் போன் என்றால், மூன்றாவது பொருளை எந்தக் கையால் எடுப்பார்?

இந்தத் தாள்தான் கருவியைத் தீர்மானிக்கும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்தான் பயம் என்றால் சத்தம் உதவும். யாரும் இல்லாத இடம் என்றால் சத்தம் மட்டும் போதாது. மூடிய லிப்ட், கார் போன்ற இடம் என்றால் ஸ்பிரே அடித்தவரையும் சேர்த்தே தாக்கும்.

எழுதும்போது வேறொன்று வெளியே வரலாம். பயம் அறிமுகமில்லாதவரிடம் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவரிடம், அல்லது பிரிந்துபோன ஒருவரிடம் என்று தெரியவரலாம். அப்படியானால் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஆளுக்கு அவருடைய பையும் பழக்கமும் தெரியும், கருவி எங்கே இருக்கிறது என்றும் தெரிந்துவிடும். அங்கே தேவைப்படுவது பாதுகாப்பான ஓர் இடம், நம்பிக்கையான இரண்டு பேர், குடும்ப வன்முறைக்கான உதவி எண், காவல்துறையில் ஒரு பதிவு. கருவி அதற்கெல்லாம் பிறகுதான்.

3. சட்டத்தைப் பாருங்கள்

இதை மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம், இது ஒரே அடியில் பாதிப் பட்டியலை அழித்துவிடும். பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி பெப்பர் ஸ்பிரேயும், உடம்பில் வைத்து மின் அதிர்ச்சி கொடுக்கும் ஸ்டன் கன்னும் தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள். கனடாவில் மனிதர் மேல் அடிப்பதற்கென்று தயாரித்த ஸ்பிரேக்குத் தடை உண்டு. கரடிக்கான ஸ்பிரே கடையில் கிடைக்கும், ஆனால் அதையே மனிதர் மேல் அடிக்கும் நோக்கத்தோடு வைத்திருந்தால் குற்றம். ஜெர்மனியில் விலங்குகளை விரட்ட என்று அச்சிட்ட பெப்பர் ஸ்பிரேயைத்தான் பொதுமக்கள் வாங்கலாம். ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் இவ்வளவு வித்தியாசம்.

வாங்கவும் வைத்திருக்கவும் அனுமதி உள்ள இடத்திலும் பயன்படுத்துவதற்கு எல்லை உண்டு. 2024ல் ஒரு தகராறில் பெப்பர் ஸ்பிரே அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்யக் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்தது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நெருங்கும்போது அடிப்பது வேறு, வாய்ச்சண்டையில் அடிப்பது வேறு. இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அவர் வசிக்கும் இடத்தின் சட்டத்தை அரசு அல்லது காவல்துறையின் தளத்தில் பாருங்கள். விற்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். குறைந்தபட்ச வயது இருக்கிறதா, அளவுக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம் அலுவலகம், கல்லூரி, நீதிமன்றம் போன்ற இடங்களின் வாசல் விதி. விமானத்தில் கைப்பையில் ஸ்பிரே கொண்டுபோக முடியாது. மற்ற சாமான்களோடு அனுப்பவும் பல விமான நிறுவனங்கள் விடுவதில்லை. பயணத்துக்கு முந்தின இரவு பையிலிருந்து எடுத்து வைக்க அவரைப் பழக்குங்கள்.

4. கையையும் உடலையும் பாருங்கள்

அம்மாவுக்குத் தேடியபோதுதான் இது எனக்குப் புரிந்தது. மூடியைக் கட்டை விரலால் மேலே தள்ளி உள்ளே அமுக்க வேண்டிய ஸ்பிரே ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அம்மாவுக்குக் கட்டை விரல் மூட்டில் நெடுநாள் வலி. மூடியைத் தூக்க இரண்டு கையும் தேவைப்பட்டது, முகம் சுளித்தார். அடுத்து ஒரு அலாரத்தைக் கொடுத்தேன், மணிக்கட்டில் மாட்டும் நாடாவோடு ஒரு சின்னப் 'பின்' (pin) இணைந்திருக்கும், அது கழன்றால் அலறும் வகை. கையை ஒரு இழுப்பு, அந்தப் பின் கழன்றது, வீடே அதிர்ந்தது. "இது போதும்டா" என்று காதைப் பொத்திக்கொண்டார். தேர்வு அதோடு முடிந்தது.

பார்க்க வேண்டியவை இவை. கட்டை விரலில் பலம் இருக்கிறதா? நகம் நீளமா? வலக்கையா, இடக்கையா? கை நடுங்குமா? கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் தெரியும்? காது சரியாகக் கேட்குமா? ஆஸ்துமா போன்ற மூச்சுக் கோளாறு உண்டா? இருந்தால் ஸ்பிரே வேண்டாம் என்பதே என் கருத்து. காற்றில் திரும்பி வரும் சிறு துளிகூட அவருக்கு மற்றவர்களைவிடப் பெரிய ஆபத்து. பை வைக்கும் இடத்தில் சிறு குழந்தை கை வைக்குமா என்பதையும் இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

5. இப்போது வகையைத் தேர்ந்தெடுங்கள்

போனிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும், ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் தொடர்ந்து ஐந்து முறை அமுக்கினால் அவசர அழைப்பு போகும்படி அமைக்கலாம். அமைப்புப் பகுதிக்குள் போய் அதை இயக்கி, தகவல் போக வேண்டிய இரண்டு எண்களைச் சேர்த்துவிடுங்கள். வேறு எந்தக் கருவி வாங்கினாலும் இது கூடவே இருக்கட்டும்.

அலாரம். சட்டச் சிக்கல் கிட்டத்தட்ட எங்கும் இல்லை, யாரையும் காயப்படுத்தாது, வயதானவரும் சிறுவரும் பயன்படுத்தலாம். பெட்டியில் 130 டெசிபல், 140 டெசிபல் என்று இருக்கும். அது எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று பாருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபல் குறையும். 10 செ.மீ. தூரத்தில் 130 என்றால் 1 மீட்டரில் 110, 10 மீட்டரில் 90. பத்து மீட்டரில் நிற்பவர் நிச்சயம் திரும்பிப் பார்ப்பார். இரண்டு தெரு தள்ளி, ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குபவர் எழுந்து வருவார் என்று கணக்குப் போடாதீர்கள்.

பட்டன் அமுக்கும் வகையைவிடப் பின் இழுக்கும் வகை நல்லது. பட்டனை எதிராளி பிடுங்கி அணைத்துவிடலாம். அந்தப் பின் உங்கள் கையிலேயே இருக்க, அலாரம் தூரத்தில் புதருக்குள் விழுந்து அலறினால் அவரால் எளிதில் நிறுத்த முடியாது. பின்னை இழுத்ததும் அலாரத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

விசில். பேட்டரி வேண்டாம், நனைந்தாலும் பரவாயில்லை, உள்ளே பந்து இல்லாத வகை வாங்குங்கள். குறை ஒன்றுதான்: ஊத மூச்சு வேண்டும். பயத்தில் ஓடிவருகிறவருக்கு அது குறைவாகத்தான் இருக்கும். அலாரத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

டார்ச். நான் இதைப் பலருக்குச் சொல்லி, பலர் ஏமாற்றமடைந்திருக்கிறார்கள், "டார்ச்சா?" என்று. ஆனால் இருட்டில் நடப்பவருக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆபத்தைத் தூரத்திலேயே பார்த்து வழியை மாற்றிக்கொள்ள உதவுவது இது ஒன்றே. இருட்டுக்குப் பழகிய கண்ணில் பலமான வெளிச்சம் பட்டால் சில நொடிகள் ஒன்றும் தெரியாது. அந்த நொடிகள் ஓடுவதற்குப் போதும். தினமும் பயன்படுத்துவதால் பேட்டரி தீர்ந்தது உடனே தெரிந்துவிடும், கையும் பழகிவிடும். 300 லூமனுக்குக் (வெளிச்சத்தின் அளவு) குறையாமல், பின்பக்கம் ஒரே பட்டனில் முழு வெளிச்சம் வரும் வகையாகப் பாருங்கள். மினுக்கும் வெளிச்சம், ஐந்து வகைப் பிரகாசம் எல்லாம் தேவையில்லை. அவசரத்தில் தப்பான வெளிச்சம்தான் வரும்.

பெப்பர் ஸ்பிரே. பெயரில் மிளகு இருந்தாலும் உள்ளே இருப்பது மிளகாயிலிருந்து எடுத்த காரமான எண்ணெய்ப்பசை. பட்டவுடன் கண் தானாக மூடிக்கொள்ளும், தோல் எரியும், இருமல் பிடிக்கும். பொதுவாக அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வரை பாதிப்பு கடுமையாக இருக்கும். இதன் பெரிய நன்மை தூரம். எதிராளி தொடும் முன்பே அவரை நிறுத்தப் பார்க்கிறீர்கள். ஆனால் அடித்த மறுகணம் ஆள் சுருண்டு விழுவார் என்று நினைக்காதீர்கள். ஓரிரு நொடி ஆகலாம், போதையில் இருப்பவர் கண் எரிந்தாலும் முன்னே வரலாம். அதனால் அடித்துவிட்டு நிற்காமல் நகர வேண்டும். கண்ணீர்ப்புகை வகை ஸ்பிரேயும் கிடைக்கிறது. போதையில் உள்ளவர் மேல் அது இன்னும் குறைவாகவே வேலை செய்யும். மிளகாய் வகையே வாங்குங்கள்.

ஸ்டன் கன். பெட்டியில் "50 லட்சம் வோல்ட்", "1 கோடி வோல்ட்" என்று போட்டிருக்கும். பள்ளிக்கூட இயற்பியலே இதைப் பொய்யாக்கிவிடும். காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்குச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். அந்தக் கருவியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 2 செ.மீ. இருந்தால், ஏறத்தாழ 60,000 வோல்ட்டிலேயே பொறி பறந்துவிடும். அதற்கு மேல் ஏறவே இடமில்லை. ஒரு பெட்டியில் இவ்வளவு பெரிய பொய் இருந்தால் மற்றதையும் எப்படி நம்புவது? அதைவிட முக்கியமானது, இதை உடம்பில் வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எதிராளியின் கை எட்டும் தூரத்துக்குள் போக வேண்டும். கனமான துணி தடுக்கும். வலி ஏற்படுத்துமே தவிர ஆளை முடக்காது. விலகி ஓட வேண்டியவர் கையில் இதைக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

டேசர் வேறு பொருள். இரண்டு சிறு ஊசிகளைக் கம்பியோடு எய்து, தசைகளையே இறுக்கி ஆளை நிறுத்துவது. பொதுமக்களுக்கு விற்கும் வகைகளில் எட்டும் தூரம் சுமார் 15 அடி. இரண்டு ஊசியும் தள்ளித் தள்ளிப் பதிந்தால்தான் வேலை செய்யும், தவறினால் மறுவாய்ப்பு கிடைப்பது கடினம். பல நாடுகளில் அனுமதியே இல்லை. முறையான பயிற்சிக்குப் போகத் தயாராக இருப்பவருக்கு மட்டும்.

கூர்முனை வைத்த சாவிக்கொத்து, விரலில் மாட்டும் உலோகம், விரலிடுக்கில் சாவி: இவற்றை வாங்காதீர்கள். கைச்சண்டை தெரிந்தவருக்குத்தான் அவை பயன்படும், சாவியைப் பிடித்துக் குத்தினால் சொந்த விரல்தான் முதலில் கிழியும். பல இடங்களில் சட்டவிரோதமும்கூட.

தாளைப் பார்த்து முடிவெடுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு டார்ச்சும் ஒரு அலாரமும், விருப்பமும் சட்டமும் உடலும் இடம்கொடுத்தால் ஒரு ஸ்பிரேயும். மூன்றுக்கு மேல் போனால் எதை எடுப்பது என்று கை தயங்கும்.

6. ஸ்பிரே என்று முடிவானால் பெட்டியில் என்ன பார்ப்பது

சதவீதத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். "18 சதவீதம்" என்று பெரிதாகப் போட்டிருப்பது மிளகாய் எண்ணெய்ப்பசையின் அளவு. காரம் எவ்வளவு என்று அது சொல்லாது. காரமே இல்லாத மிளகாயிலிருந்தும் பசை எடுக்கலாம். பார்க்க வேண்டியது முதன்மைக் கேப்சைசினாய்டு (Major Capsaicinoids) அளவு, அதாவது உண்மையில் எரிச்சலைத் தரும் காரப் பொருளின் அளவு. நல்ல தயாரிப்புகளில் இது 0.18 முதல் 1.33 சதவீதம் வரை இருக்கும். இந்த எண்ணே அச்சிடப்படவில்லை என்றால் அந்தக் குப்பியை வைத்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது, எப்படி வெளியே வருகிறது என்பது. நேர்க்கோடாகப் பீய்ச்சும் வகை தூரம் போகும், காற்றில் அவ்வளவாகக் கலையாது, ஆனால் குறி பார்க்க வேண்டும். பனிபோலப் பரவும் வகைக்குக் குறி தேவையில்லை, ஆனால் எதிர்க்காற்று அடித்தால் உங்கள் முகத்துக்கே வரும், மூடிய இடத்தில் எல்லோரையும் தாக்கும். ஜெல் கெட்டியாகப் போய் ஒட்டும், காற்றில் திரும்புவது குறைவு; கண்ணில் நேராகப் பட வேண்டும், வேலை செய்யக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கலாம். புதியவருக்கு நேர்க்கோடு அல்லது ஜெல் என்பது என் சிபாரிசு. திரும்பி வந்து தன் மேல் படும் என்ற என் தங்கையின் பயத்தைத் தீர்த்தது ஜெல்தான்.

பூட்டு எப்படித் திறக்கிறது என்று பாருங்கள். மூடிக்கடியில் கட்டை விரலை நுழைக்கும் வகையில், பைக்குள் தானாக அமுங்கும் வாய்ப்பு குறைவு. திருகித் திறக்கும் வகையில், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று இருட்டில் தெரியாது. காலாவதித் தேதி கட்டாயம் பாருங்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டு. மருந்து கெடுவதற்கு முன்பே உள்ளே இருக்கும் அழுத்தம் இறங்கிவிடும், அப்புறம் பீய்ச்சாமல் வடியும்.

அதே நிறுவனத்தின் பயிற்சிக் குப்பி கிடைக்குமா என்று கேளுங்கள். உள்ளே மருந்து இல்லாமல் தண்ணீர் போன்ற திரவம் இருக்கும். கிடைக்காவிட்டால் வேறு நிறுவனம் பாருங்கள். எட்டாவது படி முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று: சில ஸ்பிரேக்களில் எரியக்கூடிய ஆல்கஹால் கலந்திருக்கும். அதையும் மின்சாரக் கருவியையும் ஒருபோதும் சேர்த்து வாங்கிக்கொடுக்காதீர்கள். தீப்பிடிக்கும்.

7. இருக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

அமெரிக்கக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டுயெல்லர் 1983ல் எழுதிய கணக்கு ஒன்று உண்டு. சராசரி ஆள் 21 அடி தூரத்தை, அதாவது சுமார் 6.4 மீட்டரை, ஒன்றரை நொடியில் ஓடிக் கடந்துவிடுவார். இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்டாப்வாட்ச்சை எடுங்கள்.

தங்கையிடம் "எடு" என்றேன். பை ஜிப்பைத் திறந்து, பர்ஸை ஒதுக்கி, சார்ஜர் வயரை விலக்கி, குப்பியை வெளியே எடுக்க 11 நொடி. அப்புறம் பையின் தோள்பட்டை வாரில் சின்ன உறை ஒன்றைத் தைத்து அதில் வைத்தோம். 2 நொடிக்குக் கொஞ்சம் மேல். கருவி அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

அதனால் பைக்குள் வேண்டாம். வாரின் வெளிப்புறம், ஆடையின் பாக்கெட், இடுப்பில் மாட்டும் உறை, இவற்றில் ஒன்று. எப்போதும் ஒரே இடம், எப்போதும் பழக்கமான கைப் பக்கம். சாவிக்கொத்தில் மாட்டினால் ஒரே இழுப்பில் தனியே கழன்று வரும் கொக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் சாவி கதவிலோ வண்டியிலோ இருக்கும்போது கருவியும் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

வெயிலில் நிற்கும் காருக்குள் ஸ்பிரேயை விடாதீர்கள். பெரும்பாலான குப்பிகளில் சுமார் 49 டிகிரி செல்சியஸ் என்று எல்லை அச்சிட்டிருப்பார்கள். மூடிய கார் அதை எளிதில் தாண்டும். குப்பி கசியலாம், வெடிக்கவும் செய்யலாம். வீட்டுக்கு வந்ததும் பையைக் குழந்தை எட்டாத உயரத்தில் மாட்டுவதும் இந்தப் படியில் சேர்ந்ததுதான்.

8. பழக்குங்கள்

வாங்கியதோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். மூன்று நாள், நாளுக்குக் கால் மணி நேரம் போதும்.

முதல் நாள் உட்கார்ந்தபடி. குப்பியைப் பிடிப்பது, பூட்டைத் திறப்பது, மூடுவது, இருபது முறை. பட்டனை ஆள்காட்டி விரலால் அமுக்காமல் கட்டை விரலால் அமுக்கச் சொல்லுங்கள். அப்போது மற்ற நான்கு விரலும் குப்பியை முழுதாகப் பிடித்திருக்கும், பிடுங்குவது கடினம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே இருபது முறை. இங்கேதான் தங்கை ஒரு தப்பு செய்தாள். கண்ணை மூடி எடுத்தவள், துளையைத் தன் மணிக்கட்டை நோக்கிப் பிடித்திருந்தாள். மூன்று முறை அப்படியே நடந்தது. துளைக்கு நேர் பின்னால், உள்ளங்கை படும் இடத்தில், நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டோம். மேடாக நின்றது. அந்த மேடு உள்ளங்கையில் உறுத்தினால் துளை வெளியே பார்க்கிறது. அதற்கப்புறம் அவள் தவறவே இல்லை.

இரண்டாம் நாள் நடந்துகொண்டே. வழக்கமான பை, வழக்கமான செருப்பு, மறு கையில் போன். "எடு" என்றதும் எடுக்க வேண்டும். நேரம் பாருங்கள். கூடவே குரலையும் பழக்குங்கள்: "நில்லுங்க! கிட்ட வராதீங்க!" என்று வயிற்றிலிருந்து சத்தமாக. வெட்கமாகத்தான் இருக்கும், நீங்களும் சேர்ந்து கத்துங்கள். பல நேரம் அந்தக் குரலிலேயே காரியம் முடிந்துவிடும். பார்ப்பவர்களுக்கும் யார் தாக்குகிறார், யார் தடுக்கிறார் என்பது தெரியும்.

மூன்றாம் நாள் வெளியே, பயிற்சிக் குப்பியோடு. முக உயரத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். மூன்று மீட்டரில் நிற்கச் சொல்லுங்கள். அரை நொடி, ஒரு நொடி எனக் குட்டையாக, ஒரு காதிலிருந்து மறு காதுவரை கண் மட்டத்தில் இழுத்து அடிக்க வேண்டும். அடித்ததும் பக்கவாட்டில் நகர்ந்து, விலகி ஓட வேண்டும். நேர் பின்னால் போனால் எதிராளி கண் தெரியாமலேயே மேலே வந்து மோதுவார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை முகத்தால் உணரச் சொல்லுங்கள். எதிர்க்காற்றில் ஒரு முறை அடிக்கவிட்டால், நீர்த்துளி தன் கன்னத்தில் வந்து விழுவதிலேயே பாடம் பதிந்துவிடும்.

அலாரத்தையும் இப்படியே ஒரு முறை முழுச் சத்தத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும், காதிலிருந்து தள்ளிப் பிடித்து. முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்பது ஆபத்து நேரமாக இருக்கக் கூடாது. அவரே உறைந்து நின்றுவிடுவார்.

9. பயன்படுத்திய பிறகு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுங்கள்

அடித்ததும் அங்கே நிற்கக் கூடாது. வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து அவசர எண்ணை அழைக்க வேண்டும். பல நாடுகளில் கைப்பேசியிலிருந்து 112 வேலை செய்யும். எங்கே இருக்கிறேன், என்ன நடந்தது, தற்காப்புக்காக ஸ்பிரே அடித்தேன் என்பதைத் தானே முதலில் சொல்லிவிட வேண்டும். எதிராளி புகார் கொடுத்த பிறகு சொல்வதைவிட இது நல்லது.

தன் மேல் பட்டுவிட்டால்: காற்றோட்டமான இடத்துக்கு வந்து, கண்ணை வேகமாகச் சிமிட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது. காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த நீரைத் தாராளமாக, தொடர்ந்து ஊற்ற வேண்டும். எண்ணெய், கிரீம் எதுவும் தடவக் கூடாது; அது காரத்தைத் தோலோடு ஒட்டவைக்கும். பால் ஊற்றச் சொல்வார்கள். தண்ணீரைவிட அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. மூச்சுவிடச் சிரமமானால் உடனே மருத்துவமனை.

10. தேதியைக் குறித்துவையுங்கள்

ஸ்பிரேயின் காலாவதித் தேதியை உங்கள் போனிலும் அவர் போனிலும் நினைவூட்டலாகப் போடுங்கள், ஒரு மாதம் முன்னதாகவே. அலாரத்தை மாதம் ஒரு முறை ஒரு நொடி இழுத்துப் பாருங்கள், சத்தம் மெலிந்தால் பேட்டரி மாற்றுங்கள். தேதி முடிந்த ஸ்பிரேயைத் துளையிடவோ தீயில் போடவோ கூடாது. ஆபத்தான குப்பைகளை வாங்கும் இடத்தில் கொடுங்கள். ஒரு முறை நிஜமாகப் பயன்படுத்திவிட்டால், மீதி இருந்தாலும் புதிது வாங்குங்கள்; எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது.

வேலை, வீடு, வழி எது மாறினாலும் இரண்டாம் படிக்குத் திரும்பி, தாளைப் புதிதாக எழுதுங்கள். இந்த வருடம் தங்கை வீடு மாறினாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை கால் கிலோமீட்டர், நடுவில் நான்கு விளக்குக் கம்பம், அதில் இரண்டு எரிவதில்லை. எழுதிப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள், "அண்ணா, எனக்கு முதல்ல டார்ச் வேணும்." அந்த வாரமே வாங்கினோம். வாரில் தைத்த உறை, ஒரு விரல் அகலம் பெரிதாக்கித் தைக்க வேண்டியிருந்தது.